இடதுபக்கம் பார்த்த ராஜா

சுசீலாபாய் பல் டாக்டர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் நாணயம் சேர்க்கிறவர்கள் சங்கத்தில் பாதிப்பேர் இன்றைக்கும் அவரை ‘டாக்டரே’ என்று கூப்பிட்டு வாயைத் திறந்து காட்டுகிறார்கள். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். அந்த அளவுக்குப் பல் செய்து திருப்பி அனுப்புவதுதான் அவர் வேலை. பழவங்காடியில், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்கிற தூரத்தில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் அவருடைய லேப் இருக்கிறது. மேஜை முழுக்கப் பிளாஸ்டர் வாய்கள். திருவனந்தபுரத்தில் மேடையேறிச் சிரிக்கிற பெரிய மனிதர்களில் எத்தனை பேருடைய சிரிப்பு அந்த மாடியில் செய்தது என்று அவருக்குத் தெரியும். நானும் பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன், ஒரு பெயர்கூடச் சொன்னதில்லை.

நாகர்கோவில் வடசேரியில் பிறந்தவர். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த ஒருவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தார். இப்போது ஐம்பத்தேழு வயது. நான் திரவியம். அதே தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். அவரைவிட ஐந்து வயது இளையவன் என்பதால் எனக்கு அவர் அக்கா. நான் சேர்ப்பது திருவிதாங்கூர்க் காசுகள். நம்முடைய சக்கரமும் பணமும் இங்கே கொட்டிக் கிடக்க, ரோமாபுரி ராஜாக்களுக்குப் பின்னால் போகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் இளக்காரம் உண்டு. அது இளக்காரம் இல்லை, பொறாமை என்று என் மனைவி சொல்வாள். இருக்கலாம்.

அக்காவுக்கு இந்த ரோமக்காசுப் பைத்தியம் பிடித்தது இருபது வருஷத்துக்கு முன்னால். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒரு டாக்டர், அங்கே தெருக்கடையில் குவியலாக விற்ற பச்சை பிடித்த செப்புக்காசு ஒன்றைக் கொண்டுவந்து, பல்செட்டு கழுவுகிற மெஷினில் போட்டுச் சுத்தம் செய்து தரமுடியுமா என்று கேட்டிருக்கிறார். அக்கா போட்டார். அழுக்கெல்லாம் போய் முதலில் வெளியே வந்தது ஒரு காது. பிறகு கொஞ்சம் தலைமுடி, பிறகு ஒரு தாடை. ஆயிரத்து அறுநூறு வருஷமாக யாரும் பார்க்காத ஒரு மனுஷனுடைய காதைத் தன் கையால் கழுவி எடுத்தது அவரை ஆட்டிவிட்டது. டாக்டர் காசை மறந்துபோனார், அக்கா இன்றுவரை மறக்கவில்லை.

அவர் ராஜாக்களை அடையாளம் காண்கிற முறை எந்தப் புத்தகத்திலும் கிடையாது. நாங்களெல்லாம் எழுத்தைப் படித்துக் கண்டுபிடிக்கப் பார்ப்போம். தேய்ந்த காசில் எழுத்து எங்கே இருக்கும்? அக்கா வாயைப் பார்ப்பார். வெஸ்பாசியன் என்று ஒரு சக்கரவர்த்தி. உதடு உள்ளே போயிருப்பதைப் பார்த்தாலே கீழ்வரிசையில் பல் இல்லை என்று தெரிகிறதாம், செட்டு வைக்காமல் காலத்தை ஓட்டியிருக்கிறாராம். அவருடைய இளைய மகனுக்கு மேல்வரிசை எடுப்பு, சின்ன வயதிலேயே கம்பி போட்டிருக்க வேண்டுமாம். இப்படிச் சொல்லிச் சொல்லியே, வேறு யாராலும் பெயர் சொல்லமுடியாத எத்தனையோ காசுகளுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார். பத்தில் ஒன்பது சரியாக இருக்கும்.

இரண்டாவது முறை, மெழுகு. பல் வேலைக்கு வைத்திருக்கிற ரோஸ் நிற மெழுகுத் தகட்டை லேசாகச் சூடாக்கி, அதில் காசை அழுத்தி எடுப்பார். காசின் மேலே பச்சையும் கறுப்புமாகக் கண்ணை ஏமாற்றுகிற நிறமெல்லாம் மெழுகில் வராது, உருவம் மட்டும் பதியும். ஆனால் மெழுகில் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாறி விழும். அதனால் அந்தப் பள்ளத்தில் பிளாஸ்டர் ஊற்றி, நேரான நகல் எடுத்த பிறகுதான் பார்க்கவேண்டும்.

பிளாஸ்டர் காயும்வரை பொறுக்காமல் ஒரு தடவை பார்த்துவிட்டார். சங்கத்தில் சேர்ந்த புதுசு. சட்டசபைத் தேர்தல் சமயம் வேறு. ரோம ராஜாக்கள் காசில் பெரும்பாலும் வலதுபக்கம்தான் பார்ப்பார்கள், இடதுபக்கம் பார்த்தால் அது அபூர்வம். அக்கா ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று, தன்னிடம் இடதுபக்கம் பார்க்கிற கான்ஸ்டன்டைன் இருப்பதாக அறிவித்தார். எங்கள் தலைவர் ஹரிகுமார், செக்ரட்டேரியட்டில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர், காசை வாங்கிப் பார்த்தார். ராஜா வலதுபக்கம் பார்த்து அமைதியாக இருந்தார். அக்கா மெழுகைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்.

ஆனைக்கும் அடி சறுக்கும். ஆனால் ஆனை சறுக்கினால் திருவனந்தபுரம் சும்மா விடுமா? “சேச்சியுடெ ராஜாவு எல்.டி.எஃப். ஆணு” என்றார் ஹரிகுமார். அக்காவின் ராஜா இடதுசாரிக் கூட்டணியாம். ஹாலே சிரித்தது. அன்றிலிருந்து அவர் எங்களுக்கு எல்.டி.எஃப். சுசீலா. ஓட்டு யாருக்குப் போடுகிறார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. அதிகம் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. அவரிடம் இருக்கிற முந்நூற்றுச் சொச்சம் காசும் வெளிநாட்டிலிருந்து வந்தவை. அங்கேயே தோண்டி, அங்கேயே விற்று, விமானத்தில் வந்தவை. மிளகு வாங்குவதற்காகக் கப்பலேறி, அந்தக் காலத்திலேயே இந்தக் கரைக்கு வந்து சேர்ந்த காசு ஒன்றுகூட அவரிடம் இல்லை. மண்ணில் கிடைத்தால் அது சர்க்காருக்குப் போகும், போகத்தான் வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்கு உள்ளே பலதைப் பார்த்திருக்கிறார். விழிஞ்ஞத்தில் புதுத் துறைமுகம் வந்து, மலைபோலக் கப்பல்கள் நிற்பதை டி.வி.யில் காட்டும்போதெல்லாம் சொல்வார், “அன்னைக்கு வந்ததுல ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு, எனக்க கையில ஒரு நாளு இருந்தாப் போதும்.”

போன வருஷம் ஓணம் முடிந்த சமயம். கரமனையில் கிளினிக் வைத்திருக்கிற டாக்டர் ஆர்யா ஒரு வேலை அனுப்பினார். எண்பத்திரண்டு வயதுப் பெரியவர் ஒருவருக்கு மேல்வரிசைக் கடைவாய்ப் பல்லுக்குத் தங்கத்தில் கேப் செய்யவேண்டும். தங்கப்பல் என்பது ஒரு காலத்தில் கல்யாண வீட்டில் காட்டுகிற பவிசு. இப்போது யாரும் கேட்பதில்லை. அளவோடு ஒரு சின்னக் கவரும் வந்தது. நோயாளி சொந்தத் தங்கம் கொடுத்திருக்கிறார், இதை உருக்கித்தான் செய்யவேண்டுமாம், எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை என்று டாக்டர் குறிப்பு எழுதியிருந்தார்.

கவரைத் தட்டியதும் மேஜையில் விழுந்தது ஒரு தங்கக்காசு. மேலே ஒரு வளையம் பற்றவைத்திருந்தது. தாடி வைத்த ஒரு தலை. சுற்றிலும் எழுத்து மாதிரி ஏதோ.

அக்கா உடனே போட்டோ எடுத்துச் சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். ஐந்து நிமிஷத்தில் ஹரிகுமாரிடமிருந்து பதில் வந்தது. முகம் இடதுபக்கம் பார்க்கிறது, எழுத்து ஒன்றுகூட எழுத்தாக இல்லை, நகைக்கடை வேலை, தாராளமாக உருக்கலாம். எல்.டி.எஃப். மறுபடி ஜெயித்துவிட்டது என்று ஒருவர் போட்டார். நானும் என் பங்குக்கு எழுதினேன், நம்ம ஊர் ஆசாரி யாரோ அடித்தது அக்கா, மனசைப் போட்டு அலட்டாதீங்க என்று. கைகூப்புகிற படமும் போட்டேன்.

அக்கா அடுப்பைப் பற்றவைத்தார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள், இங்கே கைக்கு எட்டியது நேராக இன்னொருவர் வாய்க்குப் போகப்போகிறது. உருக்குவதற்கு முன்னால் ஒரு நகலாவது இருக்கட்டும் என்று மெழுகில் அழுத்தி எடுத்தார். எடுத்துப் பார்த்தவர் அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

மெழுகில் ராஜா வலதுபக்கம் பார்த்தார். காசில் கோணல்மாணலாகக் கிடந்த கீறல்கள் மெழுகில் எழுத்தாக நின்றன. எஸ், ஈ, வி, ஈ, ஆர். செவெருஸ் என்ற சக்கரவர்த்தி. சுருள் தாடிகூடச் சரி.

என்ன நடந்திருக்கிறது என்பது அக்காவுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. அது விளங்க இந்த ஊரில் அவரைவிடத் தகுதியான ஆள் கிடையாது. காசு அடிக்கிற முத்திரையில் உருவத்தைத் திருப்பி வெட்டவேண்டும், அப்போதுதான் காசில் நேராக விழும். ரப்பர் ஸ்டாம்ப் செய்கிறவனுக்கும் தெரிந்த விஷயம். இதைச் செய்த ஆளுக்கு அது தோன்றவில்லை. கப்பலில் வந்த ரோமக்காசு ஒன்றை எதிரில் வைத்துக்கொண்டு, அந்த எழுத்து என்ன மொழி என்றுகூடத் தெரியாமல், கண்ணில் பட்டதை அப்படியே வெட்டியிருக்கிறார். அடித்துப் பார்த்தால் ராஜா இடதுபக்கம் திரும்பிவிட்டார்.

இன்றைய நகைக்கடைக்காரன் காசை நகல் எடுத்தால் அச்செடுத்து வார்ப்பான். அதில் முகம் திரும்பாது, ஆனால் ஊசிமுனை அளவுக்குக் கொப்புளங்கள் இருக்கும். உலோகம் வார்ப்பது அக்காவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இந்தக் காசில் ஒரு கொப்புளம் இல்லை, இது சம்மட்டியால் அடித்தது. இப்படிப்பட்ட நகல்கள் அந்தக் காலத்திலேயே தென்னாட்டில் செய்யப்பட்டதும் புத்தகங்களில் இருக்கிறது. படங்களோடு ஒத்துப் பார்த்தார். கிட்டத்தட்ட ஆயிரத்து எண்ணூறு வருஷம் என்று முடிவுக்கு வந்தார். நம்ம ஊர் ஆசாரி அடித்தது என்று நான் எழுதியதில் ஒரு தப்பும் இல்லை, வருஷத்தைத்தான் கொஞ்சம் விட்டுவிட்டேன்.

குரூப்பில் அவர் எதுவும் எழுதவில்லை. மறுநாளும் எழுதவில்லை. மூன்றாம் நாள் காலையில் என் கடைக்கு வந்து, ஆளில்லாத பக்கமாக என்னைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். முகம் வாடியிருந்தது. எனக்குப் புரியவில்லை. கொண்டாட வேண்டிய விஷயம்தானே என்று கேட்டேன். கையில் போட்டிருந்த வளையலைக் காட்டினார்.

“தங்கத்துக்குத் தங்கம். இதுல ஒண்ணை உருக்கிப் பல்லு செய்து அனுப்பினா ஆருக்குத் தெரியும்? உருக்கினதுக்குப் பிறகு எல்லாம் ஒண்ணுதான். ரெண்டு நாளு நான் கள்ளியா இருந்தேன், திரவியம்.”

 நானாக இருந்தால் மூன்றாம் நாளும் கள்ளனாகத்தான் இருந்திருப்பேன், அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. பெரியவரிடம் நேரில் போய்ச் சொல்லப்போவதாகவும், சங்கத்துக்காரன் ஒருவன் சாட்சிக்குக் கூட வரவேண்டும் என்றும் சொன்னார். கடையைப் பூட்டிவிட்டுப் புறப்பட்டேன்.

பெரியவர் பெயர் தங்கப்பன். சாலைக்கடைத் தெருவில் நாற்பது வருஷம் வாழைக்குலை மண்டி நடத்தியவர். நாஞ்சில் நாட்டிலிருந்து லாரி லாரியாக இறக்கி, குலையைத் தொட்டுப் பார்க்காமலே எத்தனை நாளில் பழுக்கும் என்று சொல்கிறவர் என்று பெயர். இப்போது கரமனையில் மகன் வீட்டில் இருக்கிறார். மருமகள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். சுவரில், ஒரு வருஷத்துக்கு முன்னால் காலமான அவர் மனைவி பொன்னம்மையின் படம் இருந்தது. கழுத்தில் இதே காசு.

அக்கா மெதுவாக ஆரம்பித்தார். மெழுகைக் காட்டினார், பிளாஸ்டர் நகலைக் காட்டினார், கப்பல் வந்த கதை, ஆசாரி திருப்பி வெட்டாத கதை எல்லாம் சொன்னார். இது வெறும் தங்கம் இல்லை, இதைப் போல இன்னொன்று இந்த ஜில்லாவில் இருக்கிறதோ என்னவோ, உருக்கிவிட்டால் பிறகு கிடைக்காது என்றார். பல்லுக்கு வேண்டிய தங்கத்தைத் தன் வளையலிலிருந்தே எடுத்துக்கொள்வதாகவும், காசு அவரிடமே இருக்கட்டும் என்றும் சொன்னார்.  பெரியவர் காபியைக் குடித்து முடித்தார்.

“ஒனக்க வளையலு எனக்க வாய்க்கு எதுக்கு மக்கா?” என்றார்.

காசு மனைவியின் அம்மா வழியில் வந்ததாம். எத்தனை தலைமுறை என்று அவருக்குத் தெரியாது. மூன்று பிள்ளைகளுக்கும் அதன்மேல் கண் இருக்கிறது. ஒரு காசை மூன்றாக வெட்டிப் பங்கு வைக்கமுடியுமா? வாயில் இருந்துவிட்டால் ஒருவனும் கேட்கமாட்டான் என்று சொல்லிச் சிரித்தார். மண்டிக்காரரின் கணக்கு அப்படி. அது பத்திரமாக இருக்க வேறு வழியா இல்லை, லாக்கர் இல்லையா என்று நான் குறுக்கே நுழைந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, உள்ளதைச் சொன்னார்.

“எனக்கு அந்த ராசாவத் தெரியாது. அந்தக் காசுல எனக்குத் தெரிஞ்ச ஆளு அவ ஒருத்தியாக்கும். கோவமும் தேஷ்யமும் வந்தா வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லமாட்டா. காசை எடுத்துப் பல்லுக்கு நடுவுல வச்சுக் கடிச்சுக்கிடுவா. அம்பத்தோரு வருஷம். எனக்க கோவமெல்லாம் அதைப் பாத்துத்தான் அடங்கிச்சு. அவ வாயில கெடந்தது, இனி எனக்க வாயில கெடக்கட்டும்னு நெனச்சேன். வேற ஒண்ணும் இல்ல.”

இதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது? ஆயிரத்து எண்ணூறு வருஷத்தை ஐம்பத்தோரு வருஷத்தோடு நிறுத்துப் பார்க்க எந்தத் தராசு இருக்கிறது? எனக்கு அழுகை வந்தது, ஒளிப்பானேன். உருக்கித்தான் ஆகவேண்டும் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன். அக்காவும் அப்படித்தான் நினைத்திருப்பார், கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

எழுந்தவர் அப்படியே நின்றார். பையிலிருந்து லென்ஸை எடுத்தார். காசை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், ராஜாவை விட்டுவிட்டு, விளிம்பைப் பார்த்தார். திருப்பி, மறுபக்க விளிம்பையும் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார்.

விளிம்பில் நாலைந்து சின்னப் பள்ளங்கள் இருந்தன, அதில் ஒன்று மட்டும் கோணலாகத் திரும்பியிருந்தது. அக்கா அவற்றை முதல் நாளே பார்த்து நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறார், தங்கம் அசலா என்று பார்க்கப் பண்டைக்கால வியாபாரிகள் குத்திய குறிகள் என்று. ரோமக்காசுகளில் அப்படிக் குறிகள் உண்டுதான். சக்கரவர்த்திகளின் வாய்க்குள் எட்டிப் பார்த்து வியாதி சொல்கிறவர், முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் பல் செய்கிறவர், கண்ணெதிரே இருந்த பல்லைப் பல்லென்று காணவில்லை.

“அண்ணாச்சி, அவியளுக்கு மேல்வரிசையில வலதுபக்கக் கோரைப்பல்லு கொஞ்சம் திரும்பியா இருந்துது?”

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆமாம், திரும்பித்தான் இருந்தது, அதனால் போட்டோ எடுக்கும்போதெல்லாம் வாயை மூடிக்கொள்வாள் என்றார். உனக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்டார். அக்கா பக்கத்தில் போய் அமர்ந்து, அவர் கண்ணுக்கு நேராக லென்ஸைப் பிடித்து, காசை அதற்குக் கீழே கொண்டுவந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் காட்டினார். இது மேல் பல், அதற்கு நேரே அடியில் இது கீழ்ப் பல், இது திரும்பியிருந்த அந்தப் பல் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

தங்கப்பன் அண்ணாச்சி வெகுநேரம் பார்த்தார். அக்காவின் கையிலிருந்து லென்ஸைத் தானே வாங்கிக்கொண்டு பார்த்தார். கடைசியில் காசை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

“பல்லு இதுல இருக்கே மக்கா,” என்றார். “பெறகு எனக்கு எதுக்கு வேற பல்லு?”